தோற்றவளின் சிரிப்பு

அன்புள்ள ஐயா,

ஈசூனில் வசிக்கிறேன். மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். சென்ற மாதம் பள்ளிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டியில், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில், ஒரு கை நீளத்தில் தங்கத்தைத் தவறவிட்டாள். இரண்டு ஆண்டுகளாக விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிக் குளத்துக்கு அழைத்துப் போகிறவன் நான். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. அவளோ தண்ணீரில் இருந்தபடியே வென்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் நம் சிங்கப்பூர் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்கிடம் தோற்ற அமெரிக்காவின் மைக்கல் ஃபெல்ப்ஸும் அப்படித்தான் சிரித்தார் என்கிறாள் என் மனைவி. 22 ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்தவர் சிரிப்பார். என் மகளுக்கு அது கட்டுப்படியாகுமா? தோல்வி உறைக்காதவர்கள் எப்படி முன்னேறுவார்கள்?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்கூலிங் வென்ற அந்தச் சனிக்கிழமைக் காலை அங் மோ கியோவில் ஒரு காப்பிக்கடையில் இருந்தேன். பரோட்டா போடுகிறவர் கரண்டியும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். 50.39 வினாடி. சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். கல்லில் கிடந்த என் பரோட்டா கருகிப் போயிருந்தது. அதற்கும் காசு வாங்கிக்கொண்டார் என்பது வேறு கதை.

காலையில் நான் ஸ்கூலிங்கை மட்டும்தான் பார்த்தேன். ஃபெல்ப்ஸைப் பார்த்தது மாலையில், மறு ஒளிபரப்பில்.

அவர் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. அதே ரியோவில் சில நாள் முன்பு, 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி அரையிறுதிக்குக் காத்திருந்தபோது, எதிரே தென்னாப்பிரிக்காவின் சாட் லெ குளோஸ் காற்றில் குத்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தார். ஃபெல்ப்ஸ் அவரை முறைத்த முறைப்பு உலகம் முழுவதும் கேலிப்படமாகச் சுற்றியது. 2012 லண்டனில் இதே 200 மீட்டரில் 0.05 வினாடியில் தன் தங்கத்தைத் தட்டிச் சென்றவர் மீது அவ்வளவு கடுப்பு! தோல்வி உறைக்காத ஆளா இவர்? 100 மீட்டரோ அவருக்குச் சொந்த வீடு மாதிரி. 2004, 2008, 2012 மூன்றிலும் தங்கம், அதில் 2008இல் வென்றது 0.01 வினாடியில். அந்த வீட்டிலிருந்துதான் அன்று வெளியே வந்தார். அவரும் லெ குளோஸும் ஹங்கேரியின் லாஸ்லோ செவும் 51.14இல் ஒன்றாகச் சுவரைத் தொட, மூவருக்கும் வெள்ளி. மேடையில் மூவரும் கைகோத்து ஏறினார்கள். தான் முறைத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு!

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'இது நம்பவே முடியவில்லை, என்ன உணர்கிறேன் என்றே தெரியவில்லை' என்று தான் சொன்னதற்கு, ஃபெல்ப்ஸ் சிரித்துக்கொண்டே 'எனக்குத் தெரியும்' என்றார் என ஸ்கூலிங் பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். எவ்வளவு சரியான பதில்! அந்த நிமிடத்தில் வென்றவரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் அவரிடம் தோற்றவர்தான். 2008இல் அமெரிக்க அணியோடு சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு வந்த ஃபெல்ப்ஸ், தன்னருகே மூக்குக் கண்ணாடியுடன் விறைத்து நின்ற 13 வயதுப் பையனோடு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் ஸ்கூலிங். தோற்பது யாருக்கும் பிடிக்காது என்றும் ஃபெல்ப்ஸ் சொன்னார், ஜோவை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்றும் சொன்னார். இரண்டும் மெய்தான்.

இரண்டாவது 50 மீட்டரில் தோள் எப்படி எரியும் என்பது உங்கள் மகளுக்கும் அவள் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் தெரியும். நீங்களும் நானும் கரையில் இருப்பவர்கள். கரையில் இருப்பவர்களின் லட்சணத்தை 2021 தோக்கியோவில் பார்த்தோம். ஸ்கூலிங் 53.12இல் முதல் சுற்றோடு வெளியேறியபோது இணையத்தில் அவரைத் தாளித்தவர்களில் எத்தனை பேர் 2016இல் ஆடிப்பாடியவர்களோ!

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஐந்து மணி உங்களுடையது, அடைத்த நெஞ்சு உங்களுடையது. அவள் என்ன சொன்னாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வீடு திரும்பும்போது பேருந்தில் ஏதாவது பேசினாளா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அதற்கடுத்த பயிற்சி நாளில் ஐந்து மணிக்கு யார் யாரை எழுப்பினார்கள் என்பதையும்.