தண்ணீர் குடித்தும் நீர்க்கடுப்பு ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடத்தில் நான்கு தடவை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் நிற்கிறது, அப்புறம் திரும்ப வருகிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் கிருமி அடித்துக்கொண்டு போய்விடாதா? மேனோஸ் பவுடர் வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் இதற்குக் காரணம், நம் குடலில் சாதுவாக இருக்கும் இ.கோலை பாக்டீரியாதான். அது சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிட்டால்தான் தொந்தரவு. அதன் உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் உண்டு. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்ற புரதம் இருக்கிறது. நம் சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களில் மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபிம்ஹெச் அதைத்தான் பிடிக்கிறது.

இந்தப் பிடி சுருக்கு முடிச்சு மாதிரி, இழுத்தால் இறுகும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் இதைக் காட்டினார்கள். நீரோட்டம் வேகமானால் பிடி வலுக்கிறது, ஓட்டம் தணிந்தால் தளர்கிறது. இழையும் சுருள்கம்பிபோல நீண்டு இழுவையைத் தாங்கிக்கொள்கிறது. அதனால் ஒட்டிவிட்ட கிருமியைச் சிறுநீரின் வேகம் மட்டும் பிய்த்தெடுத்துவிடாது. ஒட்டியவற்றில் சில செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுவதும், மருந்துக்குத் தப்பி அங்கே பதுங்குவதும் எலிகளில் தெளிவாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மலவாய்ப் பக்கமிருந்து புதிதாக ஏறி வருவதும் உண்டு.

அப்படியானால் தண்ணீர் வீணா? இல்லவே இல்லை. இன்னும் ஒட்டாமல் மிதக்கும் கிருமிகளை அது வெளியேற்றும். தினமும் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது (2018). கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், பழையபடி இருந்தவர்களுக்கு 3.2 தடவையும் வந்தது. ஏறக்குறையப் பாதி! ஆனால் கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரைக் குறைப்பதும், மணிக்கணக்கில் அடக்குவதும் உங்கள் வேலையில் நடக்கக்கூடியவை. அதை முதலில் மாற்றுங்கள். கடை முதலாளியிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மேனோஸ் பவுடரின் யோசனை நல்லதுதான்: கிருமியின் பிடியில் அதே சர்க்கரையை வெளியிலிருந்து திணித்து ஏமாற்றுவது. நம் சிறுநீரிலுள்ள யூரோமாடுலின் புரதமும் இதைத்தான் செய்கிறது. ஆனால் பிரிட்டனில் 598 பெண்கள் ஆறு மாதம் தினமும் 2 கிராம் சாப்பிட்டோ, ஒப்பிடுவதற்காக மேனோஸ் இல்லாத போலிப் பவுடர் சாப்பிட்டோ பார்த்ததில் (2024) சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

அடுத்த தடவை வந்தால் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்று அதில் தெரியும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கவேண்டாம், பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே ஒட்டுவதற்கென்றே வேறு வகை இழை வைத்திருக்கும் இ.கோலையும் உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கர்ப்பமாக இருந்தால் லேசான கடுப்புக்கும் காத்திருக்காதீர்கள்.