அயர்லாந்துக் கிராமங்களில் மழை வருவதை எப்படிக் கணித்தார்கள்? அதெல்லாம் பலிக்குமா?

நாளைக்கு மழையா என்றால் பெரும்பாலும் பலிக்கும். அடுத்த மாதம் எப்படி என்றால் பலிக்காது. மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இங்கே ஒரு கிண்டல் உண்டு: எதிரே கடலில் இருக்கும் கிளேர் தீவு கண்ணுக்குத் தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் பெய்துகொண்டிருக்கிறது! அதன் முதல் பாதியில் விஷயம் இருக்கிறது. மழைக்கு முன் காற்றில் தூசும் புகைமூட்டமும் விலகி, தூரத்து மலை கிட்ட வந்து நிற்பதுபோல் தெரியும். குரோ பாட்ரிக் மலையில் பக்தர்கள் ஏறும் பாதை பளிச்சென்று வெள்ளைக் கோடாகத் தெரிகிற அன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடியில் துணி போடமாட்டார்.

நிலா கோட்டை கட்டினாலும் மழைதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழைமேகத்துக்கு முன்னால், உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகம் வந்துவிடும். அந்த வட்டம் அதனால் விழுவது. தகைவிலான் குருவிகள் மழைக்கு முன் தாழப் பறப்பது பூச்சிகள் கீழே இறங்குவதால். புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் புயல் என்பார்கள், அதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காகப் பார்த்ததல்ல. அறுத்த புல் காய நாலு நாள் வெயில் வேண்டும், தப்பினால் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. வானிலைக் குறிகளுக்கு அதில் தனித் தலைப்பே உண்டு. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

அப்புறம், ஜூலை 15, புனித ஸ்விதின் நாளில் பெய்தால் 40 நாள் விடாது என்பது. அதை விட்டுவிடுங்கள். கதையாகக் கேட்டால் வரிப்பசு கதைதான் எனக்குப் பிடித்தது. ஒரு கிழட்டு வரிப்பசு, "மார்ச் போயாச்சு, இனி என்னை எதுவும் அசைக்க முடியாது" என்று வாய்க்கொழுப்பாகப் பேசியதாம். கோபம் வந்த மார்ச் மாதம், ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கி, குளிரை ஏவி அதைக் கொன்று தோலையும் உரித்துவிட்டது. ஏப்ரல் பிறந்ததும் குளிர் திரும்பினால் இன்றும் அந்தப் பசுவின் பேர்தான் அடிபடும்.