வேலையை விட்டுவிட்டு டிரெய்னர் ஆகலாமா?

கேள்வி: பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிபிஓ-வில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், இப்போது டீம் லீட். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன். வேலையை விட்டுவிட்டு கார்ப்பரேட் டிரெய்னர் ஆக ஆசை. அறுபதாயிரம் கட்டி சான்றிதழ் கோர்ஸ் படித்தால்தான் நடக்கும் என்கிறார்கள். இந்தி சுமார்தான், என் ஆங்கிலத்திலும் தமிழ் வாடை அடிக்கும். என்ன செய்யலாம்?

பதில்: அந்த அறுபதாயிரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். சான்றிதழ் பிறகு உதவும். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஎஸ்டிடி என்ற பழைய அமைப்பு பயிற்சித் துறைக்கென்றே ஒரு டிப்ளமா நடத்துகிறது, நான்கைந்து கம்பெனிகளில் வகுப்பு எடுத்த பிறகு அதைப் படித்தால் ஒவ்வொரு பாடமும் உங்கள் அனுபவத்தோடு ஒட்டும்.

இப்போது முக்கியம், எதைக் கற்றுத்தரப் போகிறீர்கள் என்பது. ‘சாஃப்ட் ஸ்கில்ஸ் டிரெய்னர்’ என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்கிறவர்கள் பெங்களூரில் ஏராளம், அந்தக் கூட்டத்தில் நின்றால் யார் குறைந்த ரேட் சொல்கிறார்களோ அவருக்குத்தான் வகுப்பு போகும். உங்களிடம் இருப்பதோ வேறு சரக்கு. நேற்றுவரை பக்கத்து சீட்டில் இருந்தவன் இன்று டீம் லீட் ஆனதும் பழைய நண்பர்களிடம் எப்படி வேலை வாங்குவது, கத்துகிற கஸ்டமரை மேலதிகாரியிடம் தள்ளிவிடாமல் எப்படிச் சமாளிப்பது, இதெல்லாம் நீங்கள் நின்று பார்த்தவை. இதில் ஒன்றை மட்டும் எடுத்து ஒருநாள் வகுப்பாக, ரோல் பிளே உட்பட, உங்கள் ஆபீஸில் ஊழியர் பயிற்சியைப் பார்க்கும் லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் குழுவிடம் கேட்டு வேறு டீமுக்கு நடத்துங்கள்.

நடத்திவிட்டு ஃபீட்பேக் ஃபார்மோடு நிறுத்தாதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இல் எழுதிய நான்கு படிகளைத்தான் இந்தத் துறை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, சீட்டுக்குத் திரும்பி வேறுமாதிரி நடந்துகொண்டார்களா, கம்பெனிக்குப் பலன் கிடைத்ததா. பலரும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள், ‘சூப்பர் செஷன்’ என்று ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டால் முடிந்தது என்று. நீங்கள் வகுப்புக்கு முந்தைய மாதம் எத்தனை எஸ்கலேஷன், அதாவது மேலதிகாரி வரை போன புகார், இரண்டு மாதம் கழித்து எத்தனை என்று வாங்கி வையுங்கள். (எண்ணிக்கையை வெளியே காட்ட ஆபீஸ் அனுமதி வேண்டும், இல்லையென்றால் மேனேஜரிடம் பெயரோடு ஒரு பரிந்துரைக் கடிதமாவது கேளுங்கள்.) அடுத்த கம்பெனி ஹெச்ஆர் முன்னால் உட்காரும்போது பேச உங்களிடம் ஏதோ ஒன்று இருக்கும்.

மொழிக்கு வருவோம். நிறுத்தி, தெளிவாக, சிறிய வாக்கியங்களில் பேசினால் தமிழ் வாடை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பேச்சில் தயக்கம் இருந்தால் மேடைப் பேச்சு பழக ஊர் முழுக்க டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்கள் இருக்கின்றன, விருந்தினராகப் போய்ப் பாருங்கள். அதைவிட, நீங்கள் குறையாகச் சொல்கிற தமிழுக்கே இங்கே வேலை இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அதே ரோட்டில் போனால் ஓசூர், டிவிஎஸ், அசோக் லேலண்ட் மாதிரி பெரிய ஆலைகளைச் சுற்றி எத்தனையோ உதிரிபாகப் பட்டறைகள். அங்கே சூப்பர்வைசராக உயர்கிற ஆட்களிடம் ஆங்கில ஸ்லைடு போட்டுப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் நடத்தினால் கேள்வி கேட்பார்கள். அந்த வாய்ப்பை விடாதீர்கள். கொஞ்சம் கன்னடமும் பேச வந்தால் பொம்மசந்திரா, பீன்யா மாதிரி பெங்களூரு தொழிற்பேட்டைகள் பக்கமும் கதவு திறக்கும்.

அப்புறம் பணம். ஆரம்பத்தில் வகுப்புகள் பெரும்பாலும் கம்பெனிகளுக்கு டிரெய்னர்களைப் பிடித்துத் தருகிற டிரெய்னிங் வெண்டர்கள் வழியாகத்தான் வரும், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் ராஜினாமா. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவை உடனே செய்யுங்கள், இலவசம்தான். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உத்யம் எண்ணை இன்வாய்ஸிலேயே போடுங்கள். பணம் தரும்போதே டிடிஎஸ் என்று வருமான வரியைப் பொதுவாக 10 சதவீதம் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, ஓசூர் வேறு மாநிலம் என்றாலும்கூட.

உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, முதல் வெளி வகுப்பை ஒரு சனிக்கிழமை லீவு நாளில் வையுங்கள்.