அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடும் வீரர்களின் பணி எப்படி இருந்தது?

1861-இல் ஹைரம் பெர்டன் வடக்குத் தரப்புக்குத் திரட்டிய படைதான் பிரபலம். சேர 200 கஜத்தில் பத்துத் தோட்டா சுட வேண்டும். மையத்திலிருந்து சராசரியாக 5 அங்குலத்துக்கு மேல் விலகினால் வீட்டுக்குப் போகலாம். எல்லோரும் நீலம் உடுத்த, இவர்களுக்கு மட்டும் இலைதழையோடு கலந்துவிடும் பச்சை. பித்தளை மின்னுமே என்று கறுப்பு ரப்பர் பொத்தான்!

முதலில் தந்த கோல்ட் (Colt) துப்பாக்கி பிடிக்காமல் முணுமுணுத்து, 1862-இல் ஷார்ப்ஸ் (Sharps) துப்பாக்கி வாங்கினார்கள். அதில் பின்புறமாகத் தோட்டா போடலாம், அதுவும் படுத்துக்கொண்டே. சாதாரணச் சிப்பாயோ குழல்வாயில் மருந்திட்டுக் கெட்டிக்கப் பெரும்பாலும் எழுந்தாக வேண்டும்.

இவர்களின் பெரும்பாலான வேலை, படைக்கு முன்னால் சிதறிப் போய் எதிரியைச் சீண்டுவதுதான். சரி, தெற்கத்தியரும் சளைத்தவர்கள் அல்ல. 1864 மே 9, ஸ்பாட்சில்வேனியா போர்க்களம்: இந்தத் தூரத்தில் யானையைக்கூட அடிக்க முடியாது என்று கேலி செய்த வடக்குத் தளபதி ஜான் செட்ஜ்விக், சற்று நேரத்தில் தோட்டா பட்டு விழுந்தார்.