சானடோரியத்தில் இறங்குங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் இருக்கிறேன். அண்ணன் தாம்பரத்தில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் அங்கே ஒரு வாரம் தங்கினேன். ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளலாம் என்று இரண்டு நாள் சுற்றினேன். பல்லாவரம் மலையில் குடைவரையைப் பார்த்தேன், வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். மற்றபடி ஃபிளாட்டும் மேம்பாலமும்தான். பார்க்க ஒன்றுமே இல்லை. மாமல்லபுரமாவது போயிருக்கலாம் என்று தோன்றிவிட்டது. புறநகருக்கென்று தனியாக ஒரு வரலாறு இருக்கிறதா? இருந்தால் எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது? தாம்பரம் என்ற பெயர் எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

பெயர்க் காரணத்தை விட்டுவிடுங்கள். எல்லா ஊர்ப் பெயருக்கும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஊர் மட்டும் பிடிபடாது. புத்தகத்துக்கு அப்புறம் வருகிறேன்.

‘பார்க்க ஒன்றுமே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. கோபம்தான், மறைக்கவில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர், நீங்கள் சந்தை பார்த்த அதே பல்லாவரத்தில், சரளை வெட்டிய ஒரு குழியில் கிடந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். மனிதன் செதுக்கிய கோடரி அது. இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. கற்காலக் கருவிகளுக்குப் பேர்போன அத்திரம்பாக்கத்தை அவர் கண்டதெல்லாம் அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான். ஃபூட் அன்று பார்த்தது கோபுரத்தை அல்ல, வெட்டிப் போட்ட மண்ணை. நீங்கள் குனிந்தே பார்க்கவில்லை தம்பி. தாம்பரம் மாநகராட்சி ஆனதே 2021-இல், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து. அதற்குள் தெருவுக்குத் தெரு அறிவிப்புப் பலகை நட்டு வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தீர்களா?

குடைவரையைப் பற்றி ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டீர்கள். மகேந்திரவர்மன் குடைந்து, தன் விருதுப் பெயர்களைப் பொறித்துவிட்டுப் போன இடம் இன்று தர்காவாக இருக்கிறது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இன்று வேண்டாம்.

நீங்கள் தினமும் மின்சார ரயிலில்தானே போயிருப்பீர்கள்? பல்லாவரம் தாண்டியதும் வரும் இரண்டு நிறுத்தங்களின் பெயரை நினைத்துப் பாருங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம். ஒன்று தோல் பதனிடும் உப்பின் பெயர். இன்னொன்று காசநோய் மருத்துவமனையின் பெயர். உலகத்தில் வேறு எங்காவது இப்படி அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் இருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்குப் புறநகர் என்றால் இதுதான். நகரம் எதைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டதோ அதையெல்லாம் கொண்டுபோய் வைத்த இடம். பட்டாளத்துக்குப் பல்லாவரம், கல் உடைக்க அங்கிருக்கும் மலைகள். நம் ஊரில் தோலை ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். குரோம் உப்பு வந்ததும் அந்த வேலை சில நாட்களில் முடிந்தது. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1910-களில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். பல்லாவரம், பம்மல், நாகல்கேணி என்று சுற்றிலும் தோல் தொழிற்கூடங்கள். செருப்பும் பையும் ஊருக்கெல்லாம் போயின. கழிவுநீர் இங்கேயே நிலத்தில் இறங்கியது. நல்லதும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. 1931-இல் மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்து ஒரு காட்டையே காப்பாற்றி வைத்தது. ஆனால் முதலில் வந்தவை நகரம் வேண்டாம் என்று தள்ளியவைதான்.

அப்படி வந்ததுதான் சானடோரியமும். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கினார். இங்கிலாந்தில் அதே வைத்தியம் பார்த்து அனுபவப்பட்டவர். அப்போது காசத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அதுவே பெரிய புகலிடமாயிற்று.

என் அத்தை அங்கே எட்டு மாதம் இருந்தார். 1964. எனக்கு ஆறு வயது. வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘தாம்பரம் போயிருக்கா’ என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. எனக்கு ரொம்ப நாள் தாம்பரம் ஊர் என்றே தெரியாது, ஏதோ சொல்லக் கூடாத வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருமுறை அப்பா கூட்டிக்கொண்டு போனார். என்னை வெளியில் மரத்தடியில் அம்மாவோடு நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார். தூரத்தில் வராந்தாவில் ஒருத்தி நின்று கையை ஆட்டினாள். அது அத்தைதானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நானும் கையை ஆட்டினேன்.

அத்தை குணமாகித்தான் திரும்பினார். ஆனால் பாட்டி அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்தாள். மாறிவிடக் கூடாதென்று அடியில் ஆணியால் பெருக்கல் குறி போல் கீறியிருந்தாள். எல்லோருக்கும் காபி கொடுத்த பிறகு அந்த டம்ளரில் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவாள், விளிம்பில் படாமல். அத்தை ஒரு நாளும் எதுவும் சொன்னதில்லை. குடித்துவிட்டுத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பார்.

பல வருடம் கழித்துத்தான் ஒரு விஷயம் படித்தேன். 1956-இல் இதே சென்னையில், சேத்துப்பட்டில், காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினார்கள். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியை வீட்டிலேயே, நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு விட்டார்கள். இரண்டு பாதிக்கும் அதே மாத்திரைகள்தான், ஒரு வருடம். 1959-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அத்தை தாம்பரம் போனது அதற்கு ஐந்து வருடம் கழித்து. சேத்துப்பட்டில் கண்டுபிடித்தது எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்து சேரவே இல்லை. அந்த டம்ளர் அத்தை இறந்தபோதும் தனியாகத்தான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், பார்க்க ஒன்றும் இல்லையா?

எங்கெங்கோ போய்விட்டேன். கேள்வி புத்தகம் பற்றியது. இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம். அடுத்த முறை வரும்போது தாம்பரம் வரை போகாமல் சானடோரியத்தில் இறங்கி, மருத்துவமனைச் சுவரை ஒட்டி நடந்து பாருங்கள். மறுநாள் அனகாபுத்தூருக்குப் போங்கள். நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான மெட்ராஸ் கைக்குட்டைத் துணியை நெய்த ஊர் அது, தறிச் சத்தம் கேட்டால் நின்று பேசுங்கள். அப்புறம் உங்கள் அண்ணன் தெருவிலேயே எழுபது வயது தாண்டிய பாட்டி யாராவது இருப்பார். ‘இங்கே முன்னாடி என்ன இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ‘வயல்தான்’ என்று முடித்துக்கொள்வார். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், அதை எப்போது நிறுத்தினீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள்.