மாதக் கணக்கும் மலை இறக்கமும்: ஓட்டக்காரர் கேள்வி–பதில்

மாதம் முடிந்ததும் ஓட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை அதிகம். அவற்றில் முதல் கடிதத்துக்கு விரிவாகப் பதில் சொல்கிறோம். மற்ற பலருடைய சந்தேகமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: சென்ற மாதம் 160 கிலோமீட்டர் ஓடினேன், இந்த மாதம் 168. வாரவாரியாகச் சொன்னால் 36, 40, 62, 30. மூன்றாம் வார ஞாயிறன்று மலைப்பாதைப் போட்டி: 21 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம். முடிக்க 3 மணி 20 நிமிடம் ஆயிற்று. மறுநாளிலிருந்து வலது கணைக்காலின் உட்பக்கம் வலி. பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். நான் ஐந்து சதவீதம்தானே கூட்டினேன்?
– வாசகர், சேலம்

பதில்: உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீங்கள் பார்த்தது மாத மொத்தத்தை. எலும்பும் தசையும் அந்த மொத்தத்தை அறியாது. ஒவ்வொரு வாரமும், சில சமயம் ஒவ்வொரு நாளும் தம்மீது என்ன சுமை விழுந்தது என்பதைத்தான் அறியும். இரண்டாம் வாரத்தின் 40 மூன்றாம் வாரத்தில் 62 ஆகியிருக்கிறது. இது 55 சதவீத உயர்வு. நான்காம் வாரத்தில் வலியால் ஓட்டம் குறைந்துபோனதால் மாத மொத்தம் அடக்கமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்களுக்கு இதைவிட உறுத்துவது வேறொன்று. 62-இல் போட்டியின் 21-ஐக் கழித்தால் 41. போட்டிக்கு முந்தைய ஆறு நாட்களில் மட்டும் நீங்கள் 41 கி.மீ. ஓடியிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் ஓடியதே 40தான். குறைக்க வேண்டிய வாரத்தில் குறைக்கவே இல்லை. இந்தத் தூரத்துப் போட்டி என்றால் அந்த ஆறு நாட்களில் 18 முதல் 22 கி.மீ. போதும். கடைசி இரண்டு நாட்களில் ஒன்று முழு ஓய்வு, மற்றொன்று 20 நிமிட மெல்லோட்டம்.

பத்து சதவீத விதியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓட வந்தவர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளியானது. விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் இடையே காயத்தில் வேறுபாடு தெரியவில்லை. கிலோமீட்டரை மட்டும் எண்ணும் எந்த விதிக்கும் மலை தெரியாது.

மலையையும் சேர்த்து எண்ண எளிய வழி உண்டு. ஓடி முடித்த அரை மணி நேரத்தில், எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். அதை ஓடிய நிமிடங்களால் பெருக்குங்கள். அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை இது. சமதளத்தில் 10 கி.மீ. மெல்லோட்டம் 65 நிமிடம், கடினம் 3 என்றால் 195. உங்கள் போட்டி 200 நிமிடம், கடினம் 8 என்றால் 1,600. தூரத்தில் இரண்டு மடங்காக இருப்பது சுமையில் எட்டு மடங்காகிவிடுகிறது. கணைக்கால் வலித்ததில் வியப்பே இல்லை.

இன்னும் குறிப்பாகச் சொன்னால், வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றமாக இருக்காது, இறக்கமாகத்தான் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், வேகம் தானே குறையும். இறங்கும்போது மூச்சு சுகமாக இருக்கும், கால்தான் அடி வாங்கும். ஒவ்வொரு அடியிலும் முன்தொடையும் கெண்டைக்காலும் நீண்டுகொண்டே பிரேக் போடுகின்றன. அந்த இழுவையும் அதிர்வும் கணைக்கால் எலும்பில் இறங்குகின்றன. சமதளத்தில் மட்டுமே பயிற்சி எடுத்துவிட்டு ஒரே நாளில் 900 மீட்டர் இறங்கினால் தாங்காது. ஆனால் தசை இதை விரைவில் கற்றுக்கொள்ளும். ஒருமுறை மிதமாக இறங்கிப் பழகினாலே அடுத்த சில வாரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு நிற்கும். உங்களுக்கு ஏற்காடு மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, போக்குவரத்து குறைந்த விடியற்காலையில், மூன்று நிமிட இறக்கம் நான்கு முதல் ஆறு முறை போதும். குட்டையான, விரைவான அடிகளாக வையுங்கள். காலை உடம்புக்கு முன்னால் நீட்டிக் குதிகாலை ஊன்ற வேண்டாம். போட்டிக்கு 10 நாள் இருக்கும்போதே இந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது வலி. கணைக்கால் எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக நொந்து, ஓடத் தொடங்கியதும் சற்றுத் தணிந்தால் அது ஷின் ஸ்பிளின்ட்ஸ் எனப்படும் சாதாரணக் கணைக்கால் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தளவு இடத்தில் மட்டும் ‘சுரீர்’ என்கிறது, ஓட ஓடக் கூடுகிறது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் அதை முடிவாகக் கொள்ள வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் நுண்விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். எலும்பின் முன்விளிம்பில், நட்டநடுவில் இப்படி வலித்தால் இன்னும் அவசரம். அந்த இடம் ஆறுவது கடினம்.

பரவலான வலிதான் என்றால் மீண்டும் ஓட இரண்டு நிபந்தனைகள்: 30 நிமிடம் விரைந்து நடந்தும், வலித்த காலில் பத்து முறை குதித்தும் வலி வரக் கூடாது. அதன் பிறகு ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று பத்துச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்ட நிமிடத்தை மெல்லக் கூட்டுங்கள். கூடவே ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. நிறுத்தாமல் 25 வரை போக வேண்டும். பலருக்குப் பன்னிரண்டிலேயே நின்றுவிடும். இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று மாதமாக மாதவிலக்கு வராமல் இருந்து, கூடவே கணைக்காலிலோ பாதத்திலோ இப்படி வலி வந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். எலும்பு வலுவிழப்பது அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: வயது 44. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே நரம்பு விறைத்திருக்கிறது. நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது. ஆறு வாரமாக இப்படி. வாரம் 35 கி.மீ. ஓடுகிறேன். முழு ஓய்வு எடுக்கட்டுமா?
– வாசகி, கோவை

பதில்: முழு ஓய்வு வேண்டாம் அம்மா. நீங்கள் நரம்பு என்று சொல்வது குதிநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த நாண். சுமையே கொடுக்காமல் விட்டால் வலி மறையும், நாணும் வலுவிழக்கும். மீண்டும் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரமே வலி திரும்பி வந்து நிற்கும். அளவான சுமைதான் மருந்து.

முதலில் வலி எந்த இடம் என்று பாருங்கள். எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, நாணின் நடுப்பகுதியில் என்றால் படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் மேலே எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று தொகுதி, மடக்கி மூன்று தொகுதி. காலை, மாலை இருவேளையும், பன்னிரண்டு வாரம். ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. பலர் தவறுவது கால அளவில்: மூன்றாம் வாரம் வலி குறைந்ததும் விட்டுவிடுவார்கள். பழகியதும் முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள். நாண் எலும்பில் அழுந்தி வலி கூடும். தரையில் நின்று தூக்கி இறக்கினால் போதும்.

ஓடலாமா என்பதற்கு மறுநாள் காலையே பதில் சொல்லும். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை விறைப்பு முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால் ஓடுங்கள். வேக ஓட்டத்தையும் மலையேற்றத்தையும் மட்டும் இப்போதைக்கு ஒதுக்குங்கள்.

கடைசி இரண்டு மாதங்களில் ஷூ மாற்றினீர்களா? குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் 10 மி.மீ. உயர வேறுபாடு உள்ள ஷூவிலிருந்து திடீரென்று 4 மி.மீ.க்கு இறங்கினால் அந்தச் சுமை முழுதும் குதிநாணுக்குத்தான் போகும். இன்னொன்று, காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எதையாவது சாப்பிட்டீர்களா? இந்த வகை ஆன்டிபயாட்டிக் குதிநாணைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. சாப்பிட்டிருந்தால் ஓடுவதையும் இந்தப் பயிற்சியையும் நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். குதிநாணில் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஓடும்போது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீக்கம் இருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார்கள்.
– வாசகர், குன்னூர்

பதில்: முதல் மூன்று நாட்கள் யாரையும் உருவிவிட அனுமதிக்காதீர்கள். கிழிந்த இடத்தில் ரத்தக்கசிவு கூடும். எலும்பு முறிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். முறிவா, சுளுக்கா என்று அறியக் கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் வகுத்த சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. கணுக்காலின் இருபுறமும் உள்ள எலும்பு முண்டுகளின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வரை அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பையும், உள் ஓரத்தில் கணுக்காலுக்கு முன்னால் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எங்காவது எலும்பின் மேலேயே வலித்தாலோ, விழுந்தவுடனும் இப்போதும் நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலோ எக்ஸ்ரே அவசியம்.

முறிவு இல்லையென்றால் இறுக்கமான கட்டு, உயர்த்தி வைப்பது, தாங்கும் அளவுக்கு நடப்பது. ஒரு வாரத்தில் பல் துலக்கும் நேரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்குங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடித்த போர்வைமேல். வீக்கம் வடிந்ததும் இதை விட்டுவிடுபவர்களுக்குத்தான் அதே கணுக்கால் மறுபடி மடங்குகிறது. ஆறு வாரமாவது தொடருங்கள்.

கேள்வி: சென்னைக் கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம் போகிறேன். நிறையத் தண்ணீர் குடித்தும் 25 கி.மீ.க்குப் பிறகு தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகுகிறது. இன்னும் அதிகம் குடிக்க வேண்டுமா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: வேண்டாம். மோதிரம் இறுகுவதும் குமட்டலும் தலைவலியும் சேர்ந்து வந்தால், தண்ணீர் மிகுந்து ரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் சந்தேகம் உறுதியாகும். இத்துடன் பேச்சுக் குழறலோ மனக்குழப்பமோ வந்தால் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உடன் ஓடுபவர்களிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் வியர்வை அளவை நீங்களே கண்டுபிடியுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈர உடையில்லாமல் எடை பாருங்கள். முன்பு 62.0 கிலோ, பின்பு 60.8, இடையில் குடித்தது அரை லிட்டர் என்றால் இழந்தது 1.7 லிட்டர். 75 நிமிடம் ஓடியிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 1.36 லிட்டர். இழந்ததை முழுதும் ஈடுகட்ட முயலாதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், முடிவில் எடை இரண்டு சதவீதம் வரை குறைந்திருந்தால் பரவாயில்லை. இப்படிக் கண்டுபிடித்த உங்கள் வியர்வை அளவைக் குடிப்பதற்கு மேல்வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்கும் மே மாதத்துக்கும் அளவு மாறும், இரண்டு பருவத்திலும் பாருங்கள்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் வெறும் தண்ணீரை நம்ப வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரைக் கூட்டினாலும் குறைத்தாலும் பயன் கெடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓடி முடித்தபின் குடிக்க அருமையானது, இந்தப் பிரச்சினைக்கு மட்டும் அது போதாது. ஓடுவதற்கு முன் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரை போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்கு அது பெரும் சுமை. சோடியம் குறையும் ஆபத்தையும் கூட்டும்.

கேள்வி: மலைப் போட்டியில் ஏற்றத்தில் நடந்தால் ஓட்டக்காரர் என்று சொல்லிக்கொள்ளலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக. ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் யூ.டி.எம்.பி. போட்டி ஏறத்தாழ 170 கி.மீ., 10,000 மீட்டர் ஏற்றம். அங்கே முன்னணியில் வருபவர்களும் செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். ஓடும் வேகமும் நடக்கும் வேகமும் ஒன்றாகும் சரிவில் நடப்பதே கெண்டைக்காலைக் காப்பாற்றும். கைகளை முழங்காலுக்கு மேல் தொடையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, குட்டை அடிகளாக ஏறுங்கள். உச்சியை அடைந்ததும் உடனே பாயாமல் 30 அடி மெல்ல ஓடிவிட்டு இறங்கத் தொடங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு மலை ஓட்டத்துக்குப் பிறகும் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடுகிறது. ஷூ சிறியதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் ஆம். மாலையில், ஓடும்போது போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூ சரியாக இருந்தும் கறுத்தால் பாதம் உள்ளே வழுக்குகிறது. மேலே கடைசியாக உள்ள கூடுதல் துளையில் கயிற்றை வளையமாக்கி, எதிர்ப்பக்க முனையை அதற்குள் நுழைத்து இறுக்கிக் கட்டுங்கள். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.