வாசகர் கேள்வி-பதில்: விளக்கு மங்கினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: ராணுவ ஏலத்தில் தாத்தா எடுத்த போர்க்கால வில்லீஸ் ஜீப் எங்கள் வீட்டில் நிற்கிறது. 6 வோல்ட் வண்டி. இன்ஜின் குறையில்லாமல் ஓடுகிறது, ஆனால் ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கு பளிச்சென்று எரியாமல் இன்னும் மங்கிப்போகிறது. விளக்கை இரண்டு முறை புதிதாக மாற்றிவிட்டோம். எலெக்ட்ரீஷியன் அண்ணன், ஒயரை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு 12 வோல்ட்டாக மாற்றிவிடலாம் என்கிறார். செய்யலாமா ஐயா?
- வாசகர், மண்டபம்

பதில்: அவசரப்பட்டு எதையும் உருவ வேண்டாம் தம்பி. பிரேக் மிதித்ததும் விளக்கு மங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. போன கரண்டு திரும்பி வர வழி இல்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவது மட்டும்தான் ஒயர், திரும்பி வருவது பாடியும் சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) வழியாக, அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் கம்பியில் கை வைத்தாலே உப்புப் பிசுபிசுப்பு ஒட்டும், அதே உப்பு அந்த வண்டியின் ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் இத்தனை வருஷமாக உட்கார்ந்து துருவாகியிருக்கிறது. புது விளக்கு என்ன செய்யும்?

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவுதான். விளக்கைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் உலோகக் கூட்டிலும் வையுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் போய்விட்டது. 12 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் தொலைந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு நட்டம், உங்கள் வண்டியில் ஆறில் ஒரு பங்கு. அதோடு வோல்ட் குறைவதைவிட வெளிச்சம் வேகமாகக் குறையும்: வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஆறில் ஒரு பங்கு போனால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். உங்கள் அகல்விளக்கு இப்படித்தான் வந்தது.

அதனால் முதல் வேலை, எர்த் பிடிக்கிற இடங்களை எல்லாம் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இரும்பு வெள்ளையாகத் தெரிய வைப்பது. பெயிண்ட் மேல் லக்கை (ஒயர் முனையில் இருக்கிற உலோக வளையம்) வைத்து முறுக்கினால் பிடிக்காது. முறுக்கிய பிறகு மேலே வாசலினோ கிரீஸோ நன்றாகப் பூசுங்கள், உப்புக்காற்று உள்ளே போகாது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும், அதைப் பல பேர் கவனிப்பதே இல்லை. பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஒயருக்கு வருவோம். அந்தக் கால ஒயரின் மேல் பருத்தி நூல் பின்னியிருக்கும். இங்கே அந்த நூல் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே செம்பு இழை பச்சையாகி, அப்புறம் கறுத்து, கடைசியில் தொட்டால் உதிரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு முனையில் ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள், செம்பு பளபளப்பாக இருந்தால் அந்த ஒயர் பிழைக்கும். கறுப்பாக இருந்தால் நடுவில் வெட்டி ஒட்டுப் போடாமல் முனையிலிருந்து முனை வரை முழுசாக மாற்றுங்கள். பழைய வண்டியில் நான் பார்த்த கோளாறில் பெரும்பாலானவை யாரோ முன்னால் டேப் சுற்றி வைத்த ஒட்டில்தான் இருந்தன.

மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒரே ஒயர். இரு முனையிலும் துணிப்பட்டை கட்டி எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 12 வோல்ட் வண்டிக்குக் கொடுக்கிற ஒல்லி ஒயர் வேண்டாம். 45 வாட் விளக்கு 12 வோல்ட்டில் இழுப்பது 3.75 ஆம்பியர், 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர், அதனால் தடிமன் கூடவே வேண்டும். படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் வருகிறது, கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே போடுங்கள், கடற்கரை வண்டிக்கு அதற்கு மிஞ்சினது இல்லை. லக்கை நல்ல கிரிம்ப் பிளையரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை மேலே மாட்டிச் சூடு காட்டிச் சுருக்கிவிடுங்கள். வெறும் சால்டர் வைத்தால் அது முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, குலுக்கலில் ஒடியும். தகட்டு ஓட்டை வழியே ஒயர் போகிற இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடக் கூடாது.

இதை எல்லாம் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, ஒரு பொறி போதும். ஃபியூஸும் இந்தக் கால வண்டி மாதிரி வரிசையாக இருக்காது, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மெயின் ஃபியூஸும் கட்-ஆஃப் சுவிட்சும் போடுவதில் தப்பே இல்லை.

12 வோல்ட் என்றால் விளக்கு மட்டுமில்லை, டைனமோ, ரெகுலேட்டர், காயில், ஹார்ன், மீட்டர் எல்லாம் மாற வேண்டும். அத்தனையும் மாற்றினாலும் துருப்பிடித்த எர்த் அப்படியே இருக்கும். என் முடிவு, வேண்டாம். தாத்தா வண்டி 6 வோல்ட்டிலேயே ஓடட்டும்.

கேள்வி: என் ஜீப்பின் பின்விளக்கில் சின்னச் சின்னச் சிவப்புக் கண்ணாடிகள் ஜோடியாக இருக்கின்றன. வெளிச்சமே வரவில்லை, எடுத்துவிட்டு எல்.இ.டி. போடலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள்! அது இருட்டடிப்பு விளக்கு, வெளிச்சம் தருவதற்கு வைத்ததே இல்லை. மேலிருந்து விமானம் பார்க்காதபடி ராத்திரியில் வண்டிகள் வரிசையாகப் போகும்போது, பின்னால் வருகிற டிரைவர் இடைவெளி தெரிந்துகொள்ள வைத்தது. ரொம்ப நெருங்கினால் கண்கள் தனித்தனி ஜோடியாகத் தெரியும், தள்ளிப்போனால் ஜோடி சேர்ந்து ஒற்றைப் புள்ளியாகும். எனக்கு அந்த யோசனை மேல் இன்றைக்கும் ஆசை. ஆனால் அது பிரேக் விளக்குக்கு மாற்று ஆகாது, ரோட்டில் ஓட்டுகிறீர்கள் என்றால் சாதாரணப் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒழுங்காக எரிய வேண்டும். முன்பக்க சுவிட்சில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும். முதல் இழுப்பில் இருட்டடிப்பு விளக்கு மட்டும் எரியும், பொத்தானை அழுத்தி இழுத்தால்தான் முழு விளக்கு. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று கொண்டு வந்தவர்களில் சிலருக்கு இதைச் சொன்னதுமே வேலை முடிந்தது.

கேள்வி: தனுஷ்கோடி பக்கம் போய் வந்தால் விளக்குக்குள் தண்ணீர் கோத்துக்கொள்கிறது.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: 2017-ல் அரிச்சல்முனைக்கு ரோடு திறப்பதற்கு முன்னால் மணலிலும் அலையோரத்திலும் ஓடிய ஜீப்புகளுக்கு இதே கதிதான். வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் சேஸிஸ் வரை கழுவுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கண்ணாடிக்கு அடியில் ரப்பர் இறுகியிருந்தால் மாற்றுங்கள். அப்புறம் விளக்குக் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கும், மணலும் பெயிண்டும் அடைத்திருக்கும், ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.